நான்காவது முறை கவிழ்த்தபோது நின்ற இளநீர் கடல்பாசி

சனிக்கிழமை இரவு எட்டரை மணிக்கு எவர்சில்வர் டப்பாவைப் பெரிய தட்டின் மேல் கவிழ்த்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஒரு குலுக்கு குலுக்கினேன். 'சளக்' என்று ஒரு சத்தம். மெல்ல டப்பாவைத் தூக்கினேன். மேலே கண்ணாடி போல இளநீர் அடுக்கு. அதற்குள் அங்கங்கே வழுக்கைத் துண்டுகள். அடியில் வெள்ளை வெளேரென்று தேங்காய்ப்பால் அடுக்கு. தட்டை நகர்த்தினால் லேசாக ஆடியது, ஆனால் உடையவில்லை. கூடத்தில் மகளுக்குப் பேசி முடித்த சம்பந்தி வீட்டார் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அடுக்களையில் நான் மட்டும் தனியாக நின்று ஒரு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு முன்னால் இரண்டு வாரங்களில் மூன்று முறை கெடுத்திருக்கிறேன். ஜெலட்டினையும் சேர்த்தால் நான்கு.

எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. சித்திரை வெயிலில் மதுரையில் இருந்துகொண்டு கேக் சுடும் ஆசையும் கிடையாது. பாயசம் வைத்தால் போதும் என்று கணவர் சொன்னார். பாயசம் நன்றாகத்தான் வரும். ஆனால் முதல் முறை வீட்டுக்கு வருகிறவர்கள், கொஞ்சம் பார்வையாகவும் இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. அடுப்பில் சுடாமல், பத்து நிமிட வேலையில் முடிகிற இனிப்பு என்று தேடியபோது கண்ணில் பட்டதெல்லாம் ஜெலட்டின் போட்டவை. ஒரு டப்பா வாங்கி வந்து மாம்பழக் கூழில் கலந்து, குளிர்பெட்டியில் வைத்தேன். அழகாக உறைந்தது. மத்தியானம் இரண்டு மணி நேரம் மின்வெட்டு. மேசையில் எடுத்து வைத்திருந்த கிண்ணத்தில் மாம்பழச் சாறுதான் இருந்தது. அதற்குப் பிறகுதான் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தேன். ஜெலட்டின் விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. வரப்போகிறவர்கள் வெங்காயத்தைக்கூட யோசித்துச் சாப்பிடுகிற சைவக் குடும்பம். டப்பாவைத் தூக்கிப் பரணில் வைத்தேன்.

அப்போதுதான் மாடி வீட்டு அக்காவின் நினைவு வந்தது. அக்காவின் அம்மா வீடு கீழக்கரை. ரமலானில் நோன்பு திறக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்பாக எங்கள் வீட்டுக்கு ஒரு தட்டு வரும்: ஒரு கிண்ணம் கஞ்சி, இரண்டு வடை, ரோஜா நிறத்தில் சாய்சதுரமாக வெட்டிய நான்கு கடல்பாசித் துண்டுகள். பதினோரு வருடமாகச் சாப்பிடுகிறேன். ஒரு நாளும் எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டதில்லை. ராமநாதபுரம் கரையோரத்தில் பெண்கள் கடலில் மூழ்கிப் பறித்து வருகிற பாசிதான் மூலப்பொருள் என்பதை அக்காதான் சொன்னார். அங்கே அதற்கு மரிக்கொழுந்துப் பாசி என்று பெயராம். பறித்து, காய வைத்து, வேக வைத்து, வடித்து, உறைய வைத்து, மறுபடி காய வைத்தால் வெள்ளைத் திரி மாதிரி ஆகிவிடும். அதைத்தான் மளிகைக் கடையில் கடல்பாசி என்றோ சைனா கிராஸ் என்றோ கேட்டு வாங்குகிறோம்.

கேட்டு வாங்குவதிலும் எனக்கு ஒரு சறுக்கல். முதல் கடையில் "ஜிகர்தண்டாவுக்குப் போடுவதுதானே?" என்று கேட்டு, பாதாம் பிசின் பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள். நானும் தலையாட்டி வாங்கி வந்தேன். பிசின் ஊறினால் வாளி நிறைய உப்பும், உறையவே உறையாது. தேன் நிறக் கட்டிகளாக இருந்தால் பிசின், வெள்ளை நூல் திரிகளாக இருந்தால் கடல்பாசி. பத்து கிராம் பாக்கெட் 45 ரூபாய்.

முதல் முயற்சியில் எல்லாத் தவறையும் ஒன்றாகச் செய்தேன். இரண்டு இளநீரை வெட்டி, 500 மில்லி தண்ணீரை அப்படியே பாத்திரத்தில் ஊற்றி, ஒரு பாக்கெட் பாசியையும் ஊற வைக்காமல் போட்டு, அடுப்பை ஏற்றிக் கொதிக்க விட்டேன். பாசி கரைகிறேன் கரைகிறேன் என்று இருபது நிமிடம் இழுத்தது. அதற்குள் இளநீரின் வாசனை போய், வேக வைத்த தேங்காய் மட்டை மாதிரி ஒரு வாடை வந்துவிட்டது. நிறமும் மங்கல் மஞ்சள். உறைந்த பிறகு கத்தி போட்டால் அழிப்பான் ரப்பரை வெட்டுவது போல இருந்தது. கடிக்கும்போது நடுவில் கரையாத திரிகள் வேறு பல்லில் சிக்கின. ஒரு துண்டை மாடிக்குக் கொண்டுபோனேன். அக்கா வாயில் போட்டு, முகம் சுளிக்காமல் விழுங்கிவிட்டுக் கேட்டார்: "இளநீரை எதற்குக் கொதிக்க வைத்தாய்? அது என்ன கஷாயமா?"

பாசியைத் தனியாகத் தண்ணீரில் கரைக்க வேண்டும், இளநீரை அடுப்பைப் பார்க்கவே விடக் கூடாது என்பது அங்கே கிடைத்த பாடம். திரிகளைக் கத்தரிக்கோலால் விரல் கடை நீளத்துக்கு நறுக்கி, தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வைத்தால் கொதி வந்த ஆறேழு நிமிடத்தில் கரைந்துவிடும் என்றும் அக்கா சொன்னார். அளவு கேட்டதற்கு, "கண் திட்டம்தான்" என்றார். முப்பது வருடம் நோன்புக்குச் செய்தவருக்குக் கண் திட்டம். எனக்குத் தராசு வேண்டும். நகை எடை பார்க்கிற மாதிரி சின்னத் தராசு ஒன்று 350 ரூபாய்க்கும், குத்திப் பார்க்கிற வெப்பமானி ஒன்று 280 ரூபாய்க்கும் வாங்கினேன். இனிப்பின் செலவை விட இது அதிகம் என்று கணவர் கணக்குச் சொன்னார். பரணில் இருந்த ஜெலட்டின் டப்பாவை அவருக்கு நினைவுபடுத்தவில்லை.

இரண்டாவது முயற்சியை நான் இன்னும் மறக்கவில்லை. 250 மில்லி தண்ணீரில் பாசியைப் பளிங்கு மாதிரி கரைத்துவிட்டேன். இளநீர் கெடாமல் இருக்கட்டும் என்று முதல் நாளே வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்திருந்தேன். கொதிக்கிற பாசிக் கரைசலை இறக்கி, அந்தச் சில்லென்ற இளநீர் 500 மில்லியில் ஊற்றினேன். ஊற்றிய இடத்திலேயே அது இழை இழையாகத் திரண்டு, திரிந்த பால் மாதிரி ஆகிவிட்டது. கரண்டியால் கலக்கக் கலக்க நொய்யாக உடைந்தது. ஏதோ கெட்டுப்போன இளநீர் என்று கடைக்காரரை மனத்துக்குள் திட்டினேன். பாவம், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

வெப்பமானியை வைத்துக்கொண்டு ஒரு தாளில் கணக்குப் போட்டபோதுதான் புரிந்தது. 95 டிகிரியில் இருக்கும் 250 மில்லியையும் 4 டிகிரியில் இருக்கும் 500 மில்லியையும் கலந்தால் கிடைப்பது 34 டிகிரிச் சொச்சம். கடல்பாசி உறையத் தொடங்குவதோ 35 முதல் 40 டிகிரிக்குள். அதாவது கலந்து முடிப்பதற்கு முன்பே உறைந்துவிடுகிறது. அதே இளநீர் வெளியில் 30 டிகிரியில் இருந்திருந்தால் கலவை 51 டிகிரிக்கு மேல் நின்றிருக்கும். நிதானமாக ஊற்றி வைத்திருக்கலாம். குளிர்பெட்டி கெடுத்த காரியம்.

கடல்பாசியின் பெருந்தன்மை என்னவென்றால், கெட்டதை மறுபடி அடுப்பில் ஏற்றிக் கரைக்க விடும். ஒரு முறை உறைந்தது 85 டிகிரியைத் தாண்டினால்தான் உருகும். மதுரை வெயில் என்ன செய்தாலும் அதை அசைக்க முடியாது என்பதும் இதனால்தான். இந்தக் குணம் மருத்துவத்துக்கே உதவியிருக்கிறது. 1881-ஆம் ஆண்டு ஜெர்மனியில் நோய்க்கிருமிகளை ஆராய்ந்த ராபர்ட் கோக்கோடு பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸே, கிருமி வளர்க்க வைத்த ஜெலட்டின் வெப்பத்தில் இளகிப்போவதாக அலுத்துக்கொண்டபோது, தன் அடுக்களையில் இனிப்புக்குப் போடுகிற அகாரைப் பயன்படுத்திப் பார்க்கச் சொன்னவர் அவருடைய மனைவி ஃபான்னி ஹெஸ்ஸே. அகார் என்பது இதே கடல்பாசிச் சரக்குதான். என் மாம்பழக் கிண்ணமும் அந்த ஆய்வகமும் ஒரே காரணத்தால் இளகியவை என்று நினைத்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. நொய்யாகிப்போனதைக் கரைத்து உறைய வைத்து நாங்களே தின்று தீர்த்தோம். வாடை இருந்தது, வழுவழுப்பு சரியாக வந்திருந்தது.

மூன்றாவது முறை துணிச்சல் கூடிவிட்டது. இரண்டு அடுக்காகச் செய்யலாம் என்று இறங்கினேன். அடியில் வெள்ளை, மேலே கண்ணாடி. அடியில் வர வேண்டியதை முதலில் ஊற்ற வேண்டும் என்று மூளை சொன்னது. கவிழ்க்கப் போகிறோம் என்பதை யாரும் எனக்கு நினைவூட்டவில்லை. பால், தேங்காய்ப்பால், மில்க்மெய்ட் கலந்து, பாசிக் கரைசலைச் சேர்த்து, சூட்டோடு சூடாக டப்பாவில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து வந்து, அதன் மேல் இளநீர்க் கலவையை ஊற்றினேன். சாயங்காலம் கவிழ்த்தால், கண்ணாடி அடுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. மேலே வெள்ளை. சரி, வெட்டிப் பார்ப்போம் என்று கத்தியை வைத்தேன். வெள்ளை அடுக்கு அப்படியே வழுக்கிக்கொண்டு போய்த் தட்டின் விளிம்பில் நின்றது. ஐஸ்கட்டி மேல் வைத்த சோப்பு மாதிரி.

வெட்டிய வெள்ளைத் துண்டைப் பக்கவாட்டில் பார்த்தபோது இன்னொரு விஷயம் தெரிந்தது. அதற்குள்ளேயே இரண்டு பட்டைகள் இருந்தன: ஒன்று கலங்கிய தண்ணீர் நிறம், இன்னொன்று கெட்டி வெண்ணெய் நிறம். தேங்காய்ப்பாலின் கொழுப்பு, மிகச் சூடாக ஊற்றி ஆற விட்டதால் மெல்ல மேலே ஏறி, உறையும்போது ஒரு ஏடாகப் படிந்துவிட்டது. அந்த எண்ணெய்ப் படலத்தின் மேல் எதை ஊற்றினாலும் ஒட்டாது. அதோடு முதல் அடுக்கு முழுக்கக் குளிர்ந்து இறுகியும் போயிருந்தது. இரண்டு குற்றவாளிகள், ஒரே கொலை.

மாற்றியது மூன்று விஷயம். தெளிவான இளநீர் அடுக்கை முதலில் ஊற்றுவது. கவிழ்த்தால் அதுதான் மேலே வரும், அதில் எண்ணெயும் இல்லை. தேங்காய்ப்பால் கலவையை 50 டிகிரி வரும் வரை கரண்டியால் கிளறிக்கொண்டே ஆற்றுவது. முதல் அடுக்கு முழுக்க இறுகுவதற்கு முன்பே இரண்டாவதை ஊற்றுவது.

சனிக்கிழமை காலை பத்தரைக்குத் தொடங்கினேன். ஒரு பாக்கெட் பாசியைத் தராசில் ஐந்தைந்து கிராமாகப் பிரித்து, நறுக்கித் தனித்தனியாக ஊற வைத்தேன். இளநீர் இரண்டு, 400 மில்லி, அறை வெப்பத்தில் இருந்தது. அதையும் ஒரு பாத்திரத்தில் விட்டு, வெந்நீர் வைத்த அகலப் பாத்திரத்துக்குள் இறக்கி 40 டிகிரிக்குக் கொண்டு வந்தேன். வழுக்கையை நகக் கண் அளவுத் துண்டுகளாக நறுக்கினேன். தேங்காய் வழுக்கைப் பதம் ரொம்ப முக்கியம்: கரண்டியால் வழித்தால் வருகிற அளவுக்கு இளசாக இருக்க வேண்டும்; சீவ வேண்டியிருந்தால் அது முற்றல்.

5 கிராம் பாசி, 200 மில்லி தண்ணீர், 40 கிராம் சர்க்கரை. கொதி வந்து ஏழு நிமிடத்தில் ஒரு திரிகூட இல்லாமல் கரைந்தது. அதற்குள் தண்ணீர் 150 மில்லி அளவுக்குச் சுண்டிவிட்டது. டீ வடிகட்டியில் வடித்து இளநீரில் ஊற்றிக் கலக்கினேன். வெப்பமானி 54 காட்டியது. நுரையைக் கரண்டி முனையால் ஒதுக்கி எடுத்தேன். விட்டால் கண்ணாடிக்குள் குமிழ் குமிழாக நின்று மானத்தை வாங்கும். 18 சென்டிமீட்டர் அகல டப்பாவின் உள்பக்கத்தைத் தண்ணீரால் நனைத்திருந்தேன். எண்ணெய் தடவக் கூடாது. தெளிவான அடுக்கில் கோடு விழும். ஊற்றிவிட்டு, டப்பாவைக் குழாய்த் தண்ணீர் நிரப்பிய தாம்பாளத்தில் வைத்தேன்.

வழுக்கையை உடனே போட்டால் எல்லாம் அடியில் போய்க் குவிந்துவிடும். பத்து நிமிடம் கழித்து, கலவை கஞ்சி வடிதண்ணீர் பதத்துக்கு வந்தபோது தூவினேன். பாதி அடியிலும் பாதி நடுவிலும் நின்றது. இந்த ஒரு இடத்தில் அதிர்ஷ்டமும் இருந்தது என்று நினைக்கிறேன்.

அது இறுகுகிற நேரத்தில் வெள்ளை அடுக்கு. மீதி 5 கிராம் பாசியை 150 மில்லி தண்ணீரில் கரைத்து, சூடாக்கிய பால் 300 மில்லியில் வடித்து ஊற்றினேன். மில்க்மெய்ட் 100 கிராம். அடுப்பை அணைத்த பிறகு கெட்டித் தேங்காய்ப்பால் 150 மில்லி. கொதிக்க விட்டால் அது திரிந்து எண்ணெய் கக்கும். ஒரு சிட்டிகை உப்பு. ஏலக்காய் போட நினைத்துக் கையைக் கட்டிக்கொண்டேன். ஏலக்காய் வந்தால் இளநீர் போய்விடும்.

பிறகு கிளறினேன், கிளறினேன், கிளறிக்கொண்டே இருந்தேன். 78, 66, 58. முதல் அடுக்கு ஊற்றி 25 நிமிடம் ஆகியிருந்தது. விரல் நுனியால் தொட்டேன்: ஆடியது, விரலில் லேசாக ஒட்டியது, ஆனால் பள்ளம் விழவில்லை. அந்தப் பதம்தான். வெள்ளைக் கலவை 52 டிகிரி வந்ததும், ஒரு குழிக்கரண்டியைத் தலைகீழாகப் பிடித்து அதன் முதுகின் மேல் விட்டு, மெல்ல வழிந்து பரவுகிற மாதிரி ஊற்றினேன். நேராக ஊற்றினால் கண்ணாடியில் ஓட்டை விழும். எப்போதாவது முதல் அடுக்கு இறுகிப்போய்விட்டால், முள்கரண்டியால் மேற்பரப்பில் லேசாகக் கீறிவிட்டு ஊற்றச் சொன்னார் அக்கா. எனக்கு அந்தத் தேவை வரவில்லை.

வெளியிலேயே முக்கால் மணி நேரத்தில் இறுகிவிட்டது. குளிர்பெட்டி குளிர்ச்சிக்காகத்தான். மூடி போட்டு வைத்தேன். திறந்து வைத்தால் பக்கத்துக் கிண்ணத்துச் சாம்பாரின் வாசனையை இழுத்துக்கொள்ளும். சொல்லி வைத்தாற்போல அன்று மாலையும் ஒன்றே கால் மணி நேரம் மின்சாரம் போனது. இந்த முறை நான் பதறவில்லை.

கவிழ்ப்பதற்கு முன் கத்தி முனையை விளிம்பு முழுக்க ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு ஓரத்தில் விரலால் அழுத்திக் காற்றுப் புக விட்டேன். தட்டையும் தண்ணீரால் நனைத்தேன். நனைந்த தட்டில் நடுவில் விழாவிட்டாலும் தள்ளி நடுவுக்குக் கொண்டு வரலாம். அன்று இரண்டு விரல் கடை தள்ளித்தான் விழுந்தது. சுற்றிலும் நன்னாரி சர்பத்தை ஒரு குழிக்கரண்டி விட்டேன். வெள்ளைக்குக் கீழே அந்தச் செம்பழுப்பு நிறம் நான் எதிர்பார்த்ததை விட எடுப்பாக இருந்தது.

சம்பந்தி அம்மா முதலில் கேட்டது, "முட்டை உண்டா?" இரண்டாவது, "எந்தக் கடையில் வாங்கினீர்கள்?" கடையில் வாங்கியதாக நினைத்ததைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். மாப்பிள்ளையின் தம்பி மூன்று துண்டு சாப்பிட்டான். பெரியவர் ஒருவர், "ஜிகர்தண்டாவை உறைய வைத்தீர்களா?" என்று கேட்டார். மதுரையில் எதைச் செய்தாலும் அந்தக் கேள்வி வந்துவிடும்.

செலவு: பாசி 45, இளநீர் 100, தேங்காய் 45, பால் 20, மில்க்மெய்ட் கணக்கில் 40, சர்க்கரை 5, நன்னாரி 10. ஆக 265 ரூபாய், பத்துப் பேருக்கு. கெடுத்த மூன்று முறையையும் தராசையும் வெப்பமானியையும் இதில் சேர்க்கவில்லை. சேர்த்து ஒரு முறை எழுதிப் பார்த்தேன், பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். கையைப் பிடிக்கிற வேலை உண்மையில் ஒன்றே கால் மணி நேரம். பத்து நிமிடம் என்று சொல்கிறவர்கள் கிளறுகிற நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அடுத்த முறை முதல் நாளே செய்து வைக்க மாட்டேன். மீந்த இரண்டு துண்டுகளை ஞாயிறு காலையில் பார்த்தபோது தட்டில் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் கசிந்து நின்றது. சுவை போகவில்லை, ஆனால் விருந்துக்கு அந்தக் கோலத்தில் வைக்க முடியாது. காலையில் செய்து அன்று இரவே பரிமாறினால்தான் அழகு. வெள்ளை அடுக்கில் மில்க்மெய்ட்டை 80 கிராமாகக் குறைக்கலாம். நன்னாரியோடு சேரும்போது இனிப்பு தூக்கல். வெட்டும்போது கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்துக்கொண்டால் ஓரம் சிதையாது என்பதையும் நான்காவது துண்டில்தான் கண்டுபிடித்தேன். பனங்காய் வண்டி தெருவுக்கு வரத் தொடங்கிவிட்டது. வழுக்கைக்குப் பதில் நுங்கு போட்டுப் பார்க்க ஆசை. ஆனால் நுங்குக்குள் இருக்கும் தண்ணீர் அடுக்கை இளக்கிவிடுமோ என்று ஒரு யோசனை, முதலில் ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டுப் பார்ப்பேன்.

ஒரு துண்டை அன்று இரவே மாடிக்குக் கொடுத்தனுப்பியிருந்தேன். காலையில் அக்கா காலித் தட்டோடு இறங்கி வந்தார். தட்டில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"கண்ணாடி அடுக்குக்கு எவ்வளவு பாசி போட்டாய்?"

"ஐந்து கிராம் அக்கா."

"நாலு போடு."